ஒருசந்தி முதல் பாஸ்கா திருவிழிப்பு வரை: தவக்காலக் கேள்வி–பதில்

கேள்வி: தவக்காலம் 40 நாள் என்கிறோம். திருநீற்றுப் புதனிலிருந்து (சாம்பல் புதன்) பெரிய சனி வரை எண்ணினால் 46 வருகிறதே?

எண்ணிக்கை சரிதான். அந்த 46 நாளுக்குள் ஆறு ஞாயிறுகள் இருக்கின்றன. ஞாயிறு ஆண்டவர் உயிர்த்தெழுந்த நாள் என்பதால் அன்று நோன்பு இருப்பதில்லை. ஆறைக் கழித்தால் 40.

பழைய உரோமை வழக்கில் தவக்காலம் முதல் ஞாயிறன்றுதான் தொடங்கியது. அந்த ஞாயிறிலிருந்து பெரிய வியாழன் வரை எண்ணினாலும் 40 வரும். நோன்பு நாள்களே 40 இருக்க வேண்டும் என்ற எண்ணம் வலுத்தபோது, தொடக்கத்தை நான்கு நாள் முன்னே கொண்டுபோய் புதன்கிழமையில் வைத்தார்கள். கிழக்கத்திய கத்தோலிக்கத் திருச்சபைகளில் தவக்காலம் திங்கட்கிழமை தொடங்குகிறது. அவர்களுக்குத் திருநீற்றுப் புதன் இல்லை.

1969இல் சீரமைக்கப்பட்ட உரோமை நாள்காட்டியின்படி, பெரிய வியாழன் மாலை ஆண்டவரின் இராவுணவுத் திருப்பலி தொடங்கும் முன் தவக்காலம் முடிகிறது. அதற்காக அன்று இரவே நோன்பை முடித்துவிட வேண்டாம். பெரிய வெள்ளியின் நோன்புக்குப் பாஸ்கா நோன்பு என்று தனிப் பெயரே உண்டு. இயன்றால் பெரிய சனியிலும் அதைத் தொடரலாம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் பரிந்துரைக்கிறது.

சீனாய் மலையில் மோசே 40 நாள் உண்ணாமல் இருந்தார் (விடுதலைப் பயணம் 34:28). ஓரேபை நோக்கி எலியா 40 நாள் நடந்தார் (1 அரசர்கள் 19:8). தவக்காலத்தின் இரண்டாம் ஞாயிறு நற்செய்தியில் உருமாறிய இயேசுவின் இருபுறமும் நிற்பவர்கள் இந்த இருவரே. முந்தின ஞாயிறு பாலைநிலத்தில் 40 நாள் நோன்பிருந்த இயேசுவைப் பார்த்துவிட்டு, அடுத்த ஞாயிறு மலையில் இவர்களைப் பார்க்கிறோம். அந்த இரண்டு நற்செய்திப் பகுதிகளையும் வீட்டில் ஒரே அமர்வில் வாசித்துப் பாருங்கள்.

கேள்வி: சாம்பல் புதன் ஏன் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது?

பாஸ்கா (ஈஸ்டர்) மாறுவதால். மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னரோ வரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு பாஸ்கா. அந்த முழுநிலவைத் திருச்சபை தன் கணக்கு அட்டவணையின்படி எடுத்துக்கொள்கிறது. வானியல் கணக்கிலிருந்து சில ஆண்டுகளில் சற்று விலகும். பாஸ்கா மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் விழும். ஆகவே சாம்பல் புதன் பிப்ரவரி 4க்கும் மார்ச் 10க்கும் இடையில் வரும். 2026இல் அது பிப்ரவரி 18. 2027இல் பிப்ரவரி 10.

கேள்வி: ஒருசந்தி, சுத்தபோசனம் இரண்டும் ஒன்றா? எந்த வயதில் தொடங்கி எதுவரை? காபி குடிக்கலாமா? சர்க்கரை நோயாளி என்ன செய்வது?

இரண்டும் வேறு. சுத்தபோசனம் என்பது இறைச்சியைத் தவிர்ப்பது. ஒருசந்தி என்பது நாளில் ஒருமுறை மட்டுமே வயிறாரச் சாப்பிடுவது.

சுத்தபோசனம் 14 வயது நிறைந்ததும் தொடங்கி வாழ்நாள் முழுக்கத் தொடரும். ஒருசந்தி 18 வயது நிறைந்தவர்களுக்கு உரியது. 59 வயது நிறைந்து 60ஆம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும்போது அந்தக் கடமை முடிகிறது (திருச்சபைச் சட்டம் 1252). ஒருசந்தி கட்டாயமான நாள்கள் இரண்டே: திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி. அந்த இரு நாளும் சுத்தபோசனமும் சேர்ந்தே வரும். மற்ற வெள்ளிக்கிழமைகளில் சுத்தபோசனம் பொது விதி. ஆண்டு முழுதுமே வெள்ளி தவ நாள்தான். அந்த வெள்ளிகளில் இறைச்சிக்குப் பதில் வேறொரு உணவையோ, வேறு தவ முயற்சியையோ பிறரன்புச் செயலையோ குறிக்க ஆயர் பேரவைக்கு அதிகாரம் உண்டு. ஆகவே உங்கள் மறைமாவட்டத்தின் தவக்காலச் சுற்றறிக்கையைப் பாருங்கள்.

அளவு பற்றித் திருத்தந்தை ஆறாம் பவுல் 1966 பிப்ரவரி 17 அன்று வெளியிட்ட திருத்தூது ஆவணம் சொல்வது: ஒரு முழுச் சாப்பாடு, காலையிலும் மாலையிலும் சிறிதளவு உணவு எடுக்கத் தடையில்லை. அந்த இரண்டு சிற்றுணவையும் சேர்த்தாலும் ஒரு முழுச் சாப்பாட்டுக்கு ஈடாகக் கூடாது என்பது பரவலாகத் தரப்படும் வழிகாட்டுதல். முழுச் சாப்பாடு மதியமா இரவா என்பது உங்கள் வேலையைப் பொறுத்தது. இரவுப் பணியில் இருப்பவர் பணிக்குக் கிளம்பும்முன் சாப்பிடுவதே நல்லது.

தண்ணீர், மருந்து, தேநீர், காபி ஒருசந்தியை முறிக்காது. பசி தெரியாமல் இருக்கவென்றே பாலும் பழச்சாறும் குடித்துக்கொண்டிருந்தால் விதி மீறப்படாமல் இருக்கலாம், ஆனால் நோன்பின் பொருள் போய்விடும். நாள்தோறும் மூன்று நான்கு முறை காபி குடிப்பவர் புதனன்று ஒரேயடியாக நிறுத்தினால் பிற்பகலுக்குள் தலைவலி வந்துவிடும். அது பசியால் வருவதில்லை, பழகிய காபி நின்றதால் வருவது. நிறுத்த விரும்பினால் ஒரு வாரம் முன்பிருந்தே ஒவ்வொரு வேளையாகக் குறையுங்கள்.

வழக்கமாக நேரும் தவறுகள் இரண்டு. செவ்வாய் இரவு விருந்தளவுக்குச் சாப்பிட்டுவிட்டுப் புதனைத் தள்ளுவது ஒன்று. சட்டம் கேட்காத கடுமையை மேற்கொண்டு, தண்ணீரும் குடிக்காமல் இருந்து, மாலையில் வீட்டாரிடம் எரிந்து விழுவது மற்றொன்று. இரண்டாவதைப் பலர் பக்தி என்று நினைக்கிறார்கள். விதி இவ்வளவு சிறிதாக இருப்பதே, அதை முழுதாகக் கடைப்பிடித்துவிட்டு மீதியை மனமுவந்து கொடுப்பதற்குத்தான்.

நோயாளிகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், உடல் நோகும் கடின வேலை செய்பவர்கள் ஒருசந்தியிலிருந்து விலக்குப் பெற்றவர்கள். இன்சுலின் போடுபவர், அல்லது சர்க்கரையை வேகமாகக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர், வேளைச் சாப்பாட்டைத் தவறவிட்டால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். அவர் வேளை தவறாமல் சாப்பிட வேண்டும். நோன்பு வேண்டுமென்றால் தொலைக்காட்சியை, தேவையற்ற செலவை, கடுஞ்சொல்லைத் துறக்கட்டும். இதற்காகப் பாவசங்கீர்த்தனத்தில் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை.

மறந்துபோய் வெள்ளியன்று இறைச்சி சாப்பிட்டுவிட்டால் அது பாவமாகாது. நினைவு வந்ததும் நிறுத்திவிடுங்கள், போதும்.

கேள்வி: நாங்கள் பிறவியிலிருந்தே சைவ உணவுதான். எங்களுக்குச் சுத்தபோசனம் என்ன பொருள்?

சட்டத்தின் எழுத்துப்படி நீங்கள் ஏற்கெனவே நிறைவேற்றிவிடுகிறீர்கள். ஆனால் விரும்பி உண்ணும் ஒன்றை ஆண்டவருக்காக ஒதுக்கிவைப்பதுதான் சுத்தபோசனத்தின் உயிர். வெள்ளிக்கிழமைகளில் உங்களுக்குப் பிடித்த இனிப்பையோ, பொரித்த பலகாரத்தையோ, வெளியில் வாங்கிச் சாப்பிடுவதையோ விடுங்கள். மீன் சாப்பிடுபவர்களுக்கும் இதே பதில். மீன், முட்டை, பால் பொருள்கள் அனைத்தும் அனுமதிக்கப்பட்டவை. வெள்ளியன்று விலை உயர்ந்த மீனைத் தேடிப்பிடித்து விருந்து வைப்பவர் விதியைக் காத்துக்கொண்டே அதன் நோக்கத்தைத் தவறவிடுகிறார்.

கேள்வி: நெற்றியில் பூசிய சாம்பலை அழிக்காமல் நாள் முழுதும் வைத்திருக்க வேண்டுமா? அன்றைய நற்செய்தியோ முகத்தைக் கழுவச் சொல்கிறது.

வைத்திருக்கலாம், கழுவலாம், எதுவும் கட்டளை இல்லை. மத்தேயு 6:16-18இல் இயேசு கேட்பது, மனிதர் பார்க்கவென்று நோன்பிருக்கிறாயா என்பதைத்தான். ஊரார் பாராட்டுக்காக வைத்திருந்தால் கழுவுவது நல்லது. அலுவலகத்தில் கேலிக்குப் பயந்து அழிப்பதாக இருந்தால் வைத்திருப்பது நல்லது. எந்தப் பக்கம் உங்கள் மனம் இழுக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் போங்கள்.

சாம்பல் முந்தின ஆண்டு குருத்து ஞாயிறன்று மந்திரிக்கப்பட்ட குருத்துகளை எரித்து எடுக்கப்படுவது. அது திருமுழுக்கு, நற்கருணை போன்ற அருட்சாதனம் அன்று. ஆகவே திருமுழுக்குப் பெறாதவரும் பெற்றுக்கொள்ளலாம். படுத்த படுக்கையாய் இருக்கும் பெரியவர்களுக்கும் கொண்டுபோகக் கேளுங்கள். சில நாடுகளில் நெற்றியில் சிலுவை வரைகிறார்கள், சில இடங்களில் உச்சந்தலையில் தூவுகிறார்கள். இரண்டும் சரியான முறையே. அன்று திருப்பலிக்கு வருவது கடன் திருநாள் கடமை ஆகாது. ஒருசந்திதான் கடமை. சாம்பல் பூசிக்கொண்டு மூன்று வேளையும் முழுதாகச் சாப்பிடுவோர் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள்.

கேள்வி: முதல் ஞாயிறு நற்செய்தியில் அலகையே (சாத்தானே) மறைநூலை மேற்கோள் காட்டுகிறதே. அப்படியானால் மறைநூலை எப்படி நம்பி வாசிப்பது?

இதற்கு விடை அந்தப் பகுதியிலேயே இருக்கிறது. மத்தேயு 4:1-11ஐத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் இணைச்சட்டம் 6 முதல் 8 வரையுள்ள அதிகாரங்களையும் வையுங்கள். இயேசு சொல்லும் மூன்று பதில்களும் அங்கிருந்து வருபவை. கற்களை அப்பமாக்கச் சொன்னபோது 8:3. கோவில் உச்சியிலிருந்து குதிக்கச் சொன்னபோது 6:16. உலக அரசுகளைக் காட்டியபோது 6:13.

இணைச்சட்டத்தின் அந்தப் பகுதியில் மோசே, பாலைநிலத்தில் மக்கள் 40 ஆண்டுகள் எப்படித் தவறினார்கள் என்று நினைவூட்டுகிறார். பசித்தபோது முணுமுணுத்தார்கள் (விடுதலைப் பயணம் 16). மாசாவில் “ஆண்டவர் நம்மோடு இருக்கிறாரா இல்லையா” என்று அவரைச் சோதித்தார்கள் (17). பொற்கன்று செய்து வணங்கினார்கள் (32). மக்கள் தவறிய அதே மூன்று இடங்களில் இயேசு நிலைத்து நிற்கிறார். அவர் வாயில் வரும் வசனம் ஒரு முழு வரலாற்றைத் தூக்கிக்கொண்டு வருகிறது.

அலகை எடுத்தது திருப்பாடல் 91:11-12. மூலத்தில், நீ செல்லும் வழிகளில் எல்லாம் உன்னைக் காக்கும்படி தம் தூதருக்குக் கட்டளையிடுவார் என்று இருக்கிறது. மத்தேயுவில் அலகை சொல்லும்போது ‘செல்லும் வழிகளில் எல்லாம்’ என்ற பகுதி காணாமல் போகிறது. வழி நடப்பவருக்குத் தந்த வாக்குறுதி, குதிப்பவருக்குத் தந்த உறுதிமொழியாகத் திரிந்துவிடுகிறது. அடுத்த வசனம் சிங்கத்தையும் பாம்பையும் மிதித்து நடப்பதைப் பற்றியது. அதற்கு முன்பே அலகை நிறுத்திக்கொள்கிறது.

ஆகவே ஒரு வசனம் உங்களைத் தொட்டால், அதற்கு மேலே பத்து வரியும் கீழே பத்து வரியும் வாசியுங்கள். பழைய ஏற்பாட்டு மேற்கோளாக இருந்தால் அடிக்குறிப்பைப் பார்த்து மூல இடத்துக்குப் போங்கள். அப்புறம் இதைக் கேளுங்கள்: இந்த வசனம் என்னைக் கடவுளுக்குப் பணியச் சொல்கிறதா, கடவுளை எனக்குப் பணியவைக்கச் சொல்கிறதா? கைப்பேசியில் தனித்தனி வசனங்களாக அனுப்பப்படும் வாழ்த்துப் படங்களை மட்டுமே நம்பியிருப்பவருக்கு இந்தச் சோதிப்பு மிகவும் தேவை.

மாற்கு இந்தச் சோதனையை இரண்டே வசனங்களில் முடிக்கிறார், உரையாடலே இல்லை. லூக்கா இரண்டாவது, மூன்றாவது சோதனைகளின் வரிசையை மாற்றி, எருசலேம் கோவிலில் முடிக்கிறார். பின்னர் அலகை ‘ஏற்ற காலம் வரும்வரை’ அவரைவிட்டு அகன்றது என்கிறார் (4:13). ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் வருவதால், மூன்று ஆண்டுகளில் இந்த மூன்று வடிவங்களையும் கேட்டுவிடுவீர்கள். மத்தேயு ஆண்டில் மூன்று, நான்கு, ஐந்தாம் ஞாயிறுகளில் சமாரியப் பெண் (யோவான் 4), பார்வையற்றவர் (9), இலாசர் (11) வருவார்கள். பாஸ்கா இரவில் திருமுழுக்குப் பெறவிருப்போருக்கான ஆய்வுச் சடங்குகள் இந்த மூன்று ஞாயிறுகளில் நடப்பதால், அவை நடக்கும் ஆலயங்களில் எந்த ஆண்டிலும் இதே நற்செய்திகளை வாசிக்கலாம். மூன்றும் நீளமானவை. ஆலயத்துக்கு வருமுன் வீட்டில் ஒருமுறை வாய்விட்டு வாசித்துவிட்டு வந்தால், மறையுரை வேறு விதமாகக் கேட்கும்.

கேள்வி: ஒவ்வொரு ஆண்டும் நான்கைந்து தீர்மானங்கள் எடுக்கிறேன். இரண்டாம் வாரத்திலேயே உடைந்துவிடுகிறது. பிறகு எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன்.

நான்கைந்து என்பதே முதல் காரணம். மூன்று போதும்: இறைவேண்டலில் ஒன்று, நோன்பில் ஒன்று, ஈகையில் ஒன்று. இந்த மூன்றும் திருநீற்றுப் புதன் நற்செய்தியில் சேர்ந்தே வருகின்றன (மத்தேயு 6:1-6, 16-18). ஐந்தாம் நூற்றாண்டில் புனித பேதுரு கிறிசோலோகு, இவற்றில் ஒன்றை மட்டும் வைத்திருப்பவர் எதையுமே வைத்திருக்கவில்லை என்று கற்பித்தார். உங்கள் பட்டியலில் நான்கும் நோன்பாகவே இருந்தால், அது சீக்கிரம் உடல்நலத் திட்டமாக மாறிவிடும்.

இரண்டாவது காரணம், தீர்மானத்தில் இடமும் நேரமும் இல்லாதது. ‘அதிகமாகச் செபிப்பேன்’ என்பது நிறைவேறியதா இல்லையா என்று இரவில் யாராலும் சொல்ல முடியாது. ‘காலை 6.15க்கு, கைப்பேசியைத் தொடும் முன், அன்றைய நற்செய்தியை இரண்டு முறை வாசிப்பேன். பத்து நிமிடம்’ என்பது சொல்ல முடிந்தது. முதல் வாசிப்பு என்ன நடக்கிறது என்று பார்க்க. இரண்டாவது, எந்தச் சொல் உங்களை நிறுத்துகிறது என்று கேட்க. மீதி நேரம் அந்தச் சொல்லை வைத்து ஆண்டவரோடு பேசவும், கடைசி இரண்டு நிமிடம் பேசாமல் இருக்கவும். பத்து நிமிடம் முடியாத நாளுக்கு ஒரு குறைந்த அளவும் எழுதிவையுங்கள்: திருப்பாடல் 51இன் முதல் ஆறு வசனங்கள். அந்த அளவு இல்லாதவர்தான் ஒருநாள் தவறியதும் முழுதாக விடுகிறார்.

மூன்றாவது, எதையாவது விட்டால் அந்த இடம் காலியாகிவிடும். இரவு ஒரு மணி நேரக் கைப்பேசியை விட்டவர் அதே மணி நேரத்தைத் தொலைக்காட்சிக்குக் கொடுத்தால் நோன்பு இடம் மாறியதே தவிர நடக்கவில்லை. அந்த நேரத்தை யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்று முன்பே தீர்மானியுங்கள். தொலைவில் இருக்கும் பெற்றோருக்கு ஒரு அழைப்பு, பேசாமல் இருக்கும் உறவினருக்கு ஒரு கடிதம், பிள்ளையின் வீட்டுப்பாடம்.

ஞாயிறன்று விலக்கு உண்டா என்றும் பலர் கேட்கிறார்கள். நீங்களே ஏற்றுக்கொண்ட ஒறுத்தல் திருச்சபைச் சட்டம் அன்று. ஆகவே ஞாயிறு தளர்த்துவதில் குற்றமில்லை. குடி, புகை, சூதாட்டம் போன்ற பழக்கத்தை விட முயல்பவர் மட்டும் ஞாயிறிலும் தளர்த்தவே கூடாது. அவருக்கு ஒரு நாள் விலக்கு ஆறு நாள் உழைப்பைக் கரைத்துவிடும். பங்குத்தந்தையோடு மருத்துவரின் உதவியையும் அவர் தேட வேண்டும்.

விழுந்துவிட்டால் அடுத்த வேளையிலேயே திரும்பத் தொடங்குங்கள். ‘திங்கள் முதல்’ என்று தள்ளாதீர்கள். தவக்காலத்தில் ஒருவர் தம் பலவீனத்தின் அளவைத் தெரிந்துகொண்டு இரக்கம் கேட்பதைவிடப் பெரிய பலன், எல்லாத் தீர்மானங்களையும் சரியாக முடித்தவருக்கும் கிடைக்காது.

கேள்வி: ஈகை என்றால் எவ்வளவு கொடுக்க வேண்டும்?

தவக்காலத்துக்கென்று சட்டம் எந்தத் தொகையும் வைக்கவில்லை. ஆனால் நோன்பு எதை மிச்சப்படுத்தியதோ அது உங்களுடையது இல்லை. ஐந்தாம் நூற்றாண்டில் திருத்தந்தை புனித பெரிய லியோ தம் தவக்கால மறையுரைகளில் திரும்பத் திரும்ப வற்புறுத்தியது இதைத்தான்: நோன்பிருப்பவர் விட்டது ஏழைக்குப் போய்ச் சேர வேண்டும். சாம்பல் புதனுக்கு அடுத்த வெள்ளியும் சனியும் திருப்பலியில் எசாயா 58 வாசிக்கப்படுகிறது. பசித்தவரோடு உணவைப் பகிராத நோன்பைக் கடவுள் ஏற்க மறுக்கும் அதிகாரம் அது. முதல் வாரத் திங்களன்று மத்தேயு 25:31-46. திருச்சபை முதல் ஆறு நாளுக்குள்ளேயே இந்த இரண்டையும் நம் முன் வைத்துவிடுகிறது.

செய்முறை எளிது. வெள்ளிக்கிழமை சமையலில் குறைந்த செலவை அன்று மாலையே ஒரு உறையில் போடுங்கள். மாத இறுதியில் கணக்குப் பார்க்கலாம் என்று விட்டால் அந்தப் பணம் வீட்டுச் செலவில் கலந்துவிடும். பாதியைப் பங்கின் தவக்காலக் காணிக்கைக்கும், பாதியை உங்களுக்கு முகம் தெரிந்த ஒருவருக்கும் கொடுப்பது நல்ல பிரிவினை. முகம் தெரிந்த ஏழை நம்மிடம் பணத்தோடு நேரத்தையும் கேட்பார். வேலைக்காரருக்குத் தர வேண்டிய சம்பளப் பாக்கி இருந்தால் அதை முதலில் தீர்த்துவிடுங்கள். எசாயா 58:3 வேலையாள்களை ஒடுக்கிக்கொண்டே நோன்பிருப்பவர்களைப் பெயர் சொல்லாமல் சுட்டுகிறது. நீதியாய்த் தர வேண்டியதை ஈகைக் கணக்கில் எழுத முடியாது.

கேள்வி: பாவசங்கீர்த்தனம் செய்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. மந்திரங்களும் மறந்துவிட்டன. எப்படித் தொடங்குவது?

‘சாமி, பல வருஷம் ஆச்சு, முறை மறந்துபோச்சு, உதவி பண்ணுங்க’ என்று சொல்லியே தொடங்கலாம். எந்தக் குருவும் இதைக் கேட்டு மகிழ்வார். வரிசையில் ஐம்பது பேர் நிற்கும் பெரிய வாரத்தில் போகாமல், இரண்டாம் மூன்றாம் வாரத்தில் நேரம் கேட்டுப் போங்கள். வேறு பங்குக்குப் போகவும் உங்களுக்கு உரிமை உண்டு (சட்டம் 991).

முந்தின இரவு அரை மணி நேரம் ஒதுக்கி, பத்துக் கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆன்ம சோதனை செய்யுங்கள். ஒரு தாளில் குறிக்கலாம்; பிறகு கிழித்துவிடுங்கள். கனமான பாவங்களை அவற்றின் வகையும் எண்ணிக்கையுமாகச் சொல்ல வேண்டும் (சட்டம் 988). எண்ணிக்கை நினைவில்லையென்றால் ‘ஏறக்குறைய மாதம் ஒருமுறை, மூன்று வருடமாக’ என்பது போதும். ‘எல்லாப் பாவமும் செய்தேன்’ என்பது போதாது. மற்றவர் பெயரையும், நடந்த கதையையும், மாமியார் செய்ததையும் சொல்லத் தேவையில்லை. நீங்கள் செய்ததை மட்டும் சொல்லுங்கள். பலருக்கு இங்கேதான் வழுக்கும்: தம் பாவத்தைத் தொடங்கி அடுத்தவர் குற்றத்தில் முடிப்பார்கள்.

குரு தரும் அறிவுரையையும் பரிகாரத்தையும் கேளுங்கள். புரியாவிட்டாலோ செய்ய முடியாததாக இருந்தாலோ அங்கேயே சொல்லி மாற்றிக் கேட்கலாம். மனத்துயர் செபம் மறந்திருந்தால் உங்கள் சொந்தச் சொற்களில் மன்னிப்புக் கேளுங்கள். பாவமன்னிப்பு வழங்கப்பட்டதும், ஆலயத்தைவிட்டு வெளியே வருமுன் பரிகாரத்தை முடித்துவிடுவது நல்ல பழக்கம்.

வெளியே வந்தபின் மறந்துபோன ஒரு பாவம் நினைவுக்கு வந்தால் கலங்காதீர்கள். அதுவும் மன்னிக்கப்பட்டாயிற்று, கனமானதாக இருந்தால் அடுத்தமுறை சொல்லுங்கள். வெட்கப்பட்டு வேண்டுமென்றே மறைத்த கனமான பாவம் மட்டும் அந்தப் பாவசங்கீர்த்தனத்தையே செல்லாததாக்கிவிடும். உங்கள் வெட்கத்துக்கு மருந்து பாவசங்கீர்த்தன முத்திரை: நீங்கள் சொன்னதைக் குரு யாரிடமும், எந்த நீதிமன்றத்திலும் சொல்லக்கூடாது. நேரடியாக மீறினால் திருச்சபையிலிருந்தே விலக்கப்படுவார். முகம் தெரியாமல் திரைக்குப் பின்னிருந்து சொல்வதும் உங்கள் உரிமை.

திருமண வாழ்வில் சட்டச் சிக்கல் இருப்பவர்கள் அதை வரிசையில் நின்று தீர்க்க முடியாது. பங்குத்தந்தையிடம் தனியாக நேரம் கேட்டு, திருமணச் சான்றிதழோடு போங்கள்.

கேள்வி: சிலுவைப் பாதையில் வெரோணிக்கா, மூன்று முறை விழுதல் எல்லாம் விவிலியத்தில் இல்லையே? வீட்டில் எப்படிச் செய்வது?

இயேசுவின் பாடுகளை நிலை நிலையாகத் தியானிக்கும் இந்தச் செபத்தில், மூன்று வீழ்ச்சிகள் (3, 7, 9), தாயைச் சந்தித்தல் (4), அவர் முகத்தைத் துடைத்த வெரோணிக்கா (6) ஆகிய ஐந்து நிலைகளை நற்செய்திகள் சொல்வதில்லை. எருசலேம் போய்வந்த திருப்பயணிகளின் பக்தியிலிருந்தும், புனித பூமியைக் காத்துவந்த பிரான்சிஸ்கன் சபையினரின் பரப்புரையிலிருந்தும் வளர்ந்தவை அவை. நிலைகளின் எண்ணிக்கையை 14 என்று 1731இல் திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமெண்ட் உறுதி செய்தார். 1991 பெரிய வெள்ளியன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், முழுக்க நற்செய்திகளிலிருந்தே எடுத்த 14 நிலைகளோடு உரோமையில் சிலுவைப் பாதை நடத்தினார். கெத்சமனித் தோட்டத்தில் தொடங்கி, பேதுரு மறுதலித்ததும் நல்ல கள்வனும் அதில் வருகின்றன. இரண்டையும் மாறி மாறிப் பயன்படுத்தலாம். மரபான வடிவத்தைக் கைவிட வேண்டியதில்லை.

வீட்டில் ஒரு சிலுவையும் ஒரு மெழுகுதிரியும் போதும். ஒவ்வொரு நிலைக்கும் இரண்டரை நிமிடம் என்று வைத்தால் 35 நிமிடத்தில் முடியும். நிலையின் பெயர், ஆராதனை வரி, இரண்டு மூன்று வசனங்கள், அரை நிமிட மௌனம், ஒரு மன்றாட்டு, ஓர் இயேசு கற்பித்த செபம். மௌனத்தைத் தவிர்த்துவிட்டு நீண்ட சிந்தனைகளைப் படித்துக்கொண்டே போவதுதான் பெரும்பாலும் நடக்கும் பிழை. எட்டாம் நிலைக்குள் எல்லாரும் களைத்துவிடுவார்கள். பிள்ளைகள் இருந்தால் ஆளுக்கு ஒரு நிலையை முன்கூட்டியே கொடுங்கள். ஐந்தாம் நிலையில் மாற்கு 15:21ஐ வாசிக்கச் சொல்லுங்கள். இயேசுவின் சிலுவையைச் சுமந்த சீமோன் ‘அலக்சாந்தர், ரூபு ஆகியோரின் தந்தை’ என்று மாற்கு பிள்ளைகளின் பெயரைச் சொல்கிறார். அவர் எழுதியபோது அந்தப் பிள்ளைகளைச் சபையார் அறிந்திருந்தார்கள் என்று கொள்ள இடமிருக்கிறது. வழியில் மறித்துப் பிடிக்கப்பட்ட ஒருவரின் குடும்பம் சீடர்களோடு சேர்ந்துவிட்டது போலும்.

ஆலயத்தில் நிறுவப்பட்ட நிலைகளின் முன் நிலைக்கு நிலை நகர்ந்து, பாடுகளைத் தியானித்துச் செய்பவருக்குப் பரிபூரண பலன் (மன்னிக்கப்பட்ட பாவங்களுக்குரிய தண்டனை முழுதும் நீங்குதல்) உண்டு. வழக்கமான நிபந்தனைகள் அதற்கும் பொருந்தும்: பாவசங்கீர்த்தனம், நற்கருணை, திருத்தந்தையின் கருத்துகளுக்காகச் செபம், எந்தப் பாவத்தின்மீதும் பற்றில்லாத மனம். கூட்டம் மிகுந்து எல்லாரும் நகர முடியாதபோது வழிநடத்துபவர் நகர்ந்தால் போதும்.

கேள்வி: எங்கள் ஆலயத்தில் தவக்காலம் தொடங்கியதும் தீர்த்தத் தொட்டியைக் காலி செய்து மணல் நிரப்புகிறார்கள். இது சரியா?

சரியில்லை. தவக்காலம் முழுதும் தீர்த்தத்தை எடுத்துவிடக் கூடாது என்று வத்திக்கானின் திருவழிபாட்டுப் பேராயம் 2000ஆம் ஆண்டு தெளிவாகவே பதில் தந்தது. தவக்காலம் திருமுழுக்கை நினைந்து தயாரிக்கும் காலம். தீர்த்தம் அந்தத் திருமுழுக்கின் நினைவு. பெரிய வியாழன் மாலையில் தொடங்கும் பாஸ்கா மூன்று நாள்களில் மட்டும் தொட்டிகளைக் காலி செய்து, பெரிய சனி இரவு வழிபாடான திருவிழிப்பில் மந்திரித்த புதுத் தண்ணீரால் நிரப்புவது வழக்கம்.

பீடத்தில் பூ வைக்கக் கூடாது. நான்காம் ஞாயிறு, பெருவிழாக்கள், விழாக்கள் விலக்கு. இசைக்கருவிகள் பாடலுக்குத் துணையாக மட்டுமே. அல்லேலூயா எந்த நாளிலும் கிடையாது, பெருவிழாவிலும்கூட. சிலுவைகளையும் சுரூபங்களையும் மறைப்பது ஐந்தாம் ஞாயிறிலிருந்துதான், அதுவும் ஆயர் பேரவை அனுமதித்த இடங்களில். சாம்பல் புதனிலேயே எல்லாவற்றையும் மூடுவது அவசரம். பங்குப் பேரவையில் இதைப் பணிவோடு எடுத்துச் சொல்லுங்கள். ஆலயத்தில் நின்று வாதிட வேண்டாம்.

கேள்வி: மார்ச் 19 புனித சூசையப்பர் திருநாள் வெள்ளியில் வந்தால் இறைச்சி சாப்பிடலாமா?

சாப்பிடலாம். பெருவிழா வெள்ளியில் வந்தால் சுத்தபோசனக் கடமை இல்லை (சட்டம் 1251). 2027இல் அப்படித்தான் வருகிறது. அதே ஆண்டு மார்ச் 25 பெரிய வியாழன் ஆகிவிடுவதால், கிறிஸ்து பிறப்பு அறிவிப்புப் பெருவிழா ஏப்ரல் 5, திங்களுக்குத் தள்ளிப்போகும்.

கேள்வி: தவக்காலத்தில் திருமணம் வைக்கலாமா?

பெரிய வெள்ளியிலும் பெரிய சனியிலும் அறவே கூடாது. மற்ற நாள்களில் பொதுச்சட்டம் தடுக்கவில்லை. ஆனால் பல மறைமாவட்டங்களில் கட்டுப்பாடு உண்டு, ஆடம்பரமும் இசைக்கச்சேரியும் பொருந்தாது. நாள் குறிக்கும் முன் பங்குத்தந்தையிடம் கேளுங்கள், மண்டபத்துக்கு முன்பணம் கட்டியபின் வேண்டாம்.

கேள்வி: என் கணவர் கிறிஸ்தவர் அல்லர். பிள்ளைகள் 8, 12 வயது. வீட்டில் தவக்காலத்தை எப்படி அனுசரிப்பது?

உங்கள் நோன்பு அவருக்குத் தண்டனையாகக் கூடாது. அவர் விரும்பும் உணவைச் சமைத்துக் கொடுத்துவிட்டு நீங்கள் தவிர்ப்பது, சொல்லாமல் செய்யும் ஒறுத்தல்; இயேசு மறைவாய்ச் செய்யச் சொன்ன நோன்புக்கு இது மிக அருகில் இருக்கிறது. அவருடைய சமயத்திலும் விரதமும் தானமும் இருந்தால், ஏன் நோன்பு இருக்கிறீர்கள் என்று ஒருவருக்கொருவர் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சேர்ந்து ஒரு ஏழைக் குடும்பத்துக்கு உதவ அவர் பெரும்பாலும் தயங்க மாட்டார்.

பிள்ளைகளைச் சட்டம் கட்டுப்படுத்தாது. ஆனால் தவத்தின் உண்மையான பொருளில் அவர்களை வளர்க்க வேண்டியது பெற்றோரின் கடமை என்று அதே சட்டம் சொல்கிறது (1252). எட்டு வயதுக்காரரிடம் பட்டினி வேண்டாம். வாரம் ஒருமுறை ஒரு பொம்மையையோ, நல்ல நிலையில் உள்ள உடையையோ தானே தேர்ந்தெடுத்துக் கொடுக்கட்டும். பழசைக் கழிப்பதாக ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வயதுக்காரர் வெள்ளிக்கிழமை உங்களோடு சேர்ந்து இறைச்சியை விடலாம், அவராக விரும்பினால்.

கேள்வி: பெரிய வெள்ளியன்று ஏன் திருப்பலி இல்லை? நோன்பை எப்போது முடிப்பது?

வெள்ளியும் சனியும் திருச்சபை திருப்பலி நிறைவேற்றுவதே இல்லை. இது மிகத் தொன்மையான வழக்கம். வெள்ளியன்று பிற்பகல் மூன்று மணியளவில் இறைவார்த்தை, பொது மன்றாட்டு, சிலுவை ஆராதனை, வியாழனன்று திருப்பலியில் அர்ச்சிக்கப்பட்ட நற்கருணை ஆகியவை உண்டு. அந்த இரு நாளும் ஒப்புரவும் (பாவசங்கீர்த்தனமும்) நோயில்பூசுதலும் தவிர மற்ற அருட்சாதனங்கள் இல்லை. நோயாளிகளுக்கு வெள்ளியன்று நற்கருணை கொண்டுபோகலாம்; சனியன்று சாகும் தறுவாயில் இருப்பவருக்கு மட்டும்.

வெள்ளி நோன்பு சட்டப்படி நள்ளிரவில் முடிகிறது. சனிக்கிழமையும் தொடர விரும்புவோர் அன்று காலையிலும் மதியத்திலும் எளிதாகச் சாப்பிட்டு, திருவிழிப்புக்கு ஒரு மணி நேரம் முன்பே உணவை முடித்துக்கொள்வது நல்லது. உண்மையில் நற்கருணை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன் என்பதுதான் விதி (சட்டம் 919), திருவிழிப்பு நீளமானது என்பதால் அதற்குள் இன்னும் நேரம் இருக்கும். இருட்டிய பிறகுதான் திருவிழிப்பு தொடங்க வேண்டும். பழைய ஏற்பாட்டிலிருந்து ஏழு வாசகங்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன, குறைத்தாலும் விடுதலைப் பயணம் 14 கட்டாயம். வயதானவர்களுக்கு உட்கார இடமும் குடிக்கத் தண்ணீரும் முன்கூட்டியே பார்த்து வையுங்கள். பிள்ளைகளை மாலையில் இரண்டு மணி நேரம் தூங்க வைத்து அழைத்து வாருங்கள். பெரியவர்கள் கையில் ஆளுக்கொரு திரி, சொட்டும் மெழுகைப் பிடிக்க அட்டை வளையத்தோடு.